ஜிஆர்இ கட்டுரையை எழுதாமல் விட்டுவிடலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். அங்குள்ள மேற்படிப்புச் சேர்க்கைக்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வில், கட்டுரை மதிப்பெண் மொத்த மதிப்பெண்ணான 340-இல் சேராது, அதை விட்டுவிட்டால் கணக்குக்குத் தெம்பு மிச்சமாகும் என்கிறான் நண்பன். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். அதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாராகவும் வேண்டாம்.

உங்கள் நண்பன் சொன்னதையே எனக்கும் ஒருத்தன் சொன்னான். 2022-இல், மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் வைத்து. “மக்கா, அதுல நாலு வரி தட்டிட்டு அடுத்ததுக்குப் போ. அதை எவன் பாக்கான்?” அப்போது இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். மொத்தத் தேர்வு மூன்றே முக்கால் மணி நேரம். அதிகாலை பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய், முதல் கட்டுரையை அரைமனதாக எழுதி, இரண்டாவதில் அவன் சொன்ன மாதிரியே நாலு வரி தட்டினேன். கணக்கில் 170-க்கு 165 வந்தது. கட்டுரையில் 6-க்கு 2.5.

ஊருக்கெல்லாம் 165-ஐச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டிசம்பரில் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், என் பட்டியலில் இருந்த ஆறு பல்கலைக்கழகத் துறைகளில் இரண்டு, கட்டுரையில் குறைந்தது 3.5 கேட்டிருந்தன. நான் அதிகம் ஆசைப்பட்டதும் அந்த இரண்டில் ஒன்று. முதலிலேயே படித்திருக்க வேண்டியது. படிக்கவில்லை.

மறுபடி எழுதுவதென்றால் மறுபடி முழுக் கட்டணம், கட்டுரையை மட்டும் தனியாக எழுத முடியாது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அடைமழைக் காலத்தில் வெட்டும் கிடையாது, காசும் கிடையாது. பணம் கேட்டபோது அவர் திட்டவில்லை. “நீ பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டிக்கெல்லாம் போவியே மக்களே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, என் கதை போகட்டும். உங்கள் நண்பன் சொல்வதில் பாதி சரி. 340 என்பது ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்தது, கட்டுரை மதிப்பெண் அதில் சேராது; 0 முதல் 6 வரை, அரை அரையாகத் தனியே வரும். ஆனால் ‘தெம்பு மிச்சம்’ என்பது பழைய தேர்வுக் காலத்துப் பேச்சு. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது மொத்தமே 1 மணி 58 நிமிடம். கட்டுரை ஒன்றுதான், 30 நிமிடம், அதுவும் முதலிலேயே வந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் தனித்தனி. கட்டுரையில் மிச்சம் பிடித்த இருபத்தைந்து நிமிடத்தைக் கணக்குக்குக் கொண்டுபோக முடியாது. தேர்வறையை விட்டுச் சீக்கிரம் வெளியே வரலாம், அவ்வளவுதான் லாபம்.

ஒன்றுமே எழுதாமல் விட்டால் மதிப்பெண் இருக்கும் இடத்தில் ‘என்எஸ்’ என்று வரும், ‘நோ ஸ்கோர்’. அது உங்கள் மதிப்பெண் அறிக்கையோடு கல்லூரிக்குப் போகும். சம்பந்தமில்லாமல் எதையாவது எழுதி வைத்தால் பூஜ்யம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மதிப்பெண்ணை யாருக்கு அனுப்புகிறீர்களோ அந்தக் கல்லூரி நீங்கள் எழுதிய கட்டுரையையே படித்துப் பார்க்கலாம். ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் நோக்க அறிக்கையில் பளபளவென்று ஆங்கிலம், இங்கே நாலு வரி என்றால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

தயாரிப்புக்கு வருவோம். தேர்வை நடத்தும் இடிஎஸ் தன் இணையதளத்தில் கட்டுரைத் தலைப்புகள் மொத்தத்தையும் போட்டிருக்கிறது. அதில் இருப்பதுதான் தேர்விலும் வரும். ஒளிவுமறைவே இல்லை. எல்லாவற்றுக்கும் எழுதிப் பார்க்க வேண்டாம். ஏழெட்டுத் தலைப்பை எடுத்து, நோட்பேடைத் திறந்து, கடிகாரம் வைத்து எழுதுங்கள். வேர்டில் எழுதாதீர்கள்; தேர்வில் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு கிடையாது, அது பழகிவிட்டால் கை நடுங்கும். கோச்சிங்கில் கொடுக்கிற ரெடிமேட் பத்திகளையும் மனப்பாடம் செய்யாதீர்கள். கட்டுரையை ஒரு மனிதரும் ஒரு மென்பொருளும் மதிப்பிடுகிறார்கள். அதுபோக மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகிறதா என்றும் சோதிக்கிறார்கள். மாட்டினால் மொத்த மதிப்பெண்ணுக்கே ஆபத்து.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது ஆங்கிலம் இல்லை, உதாரணம். ஐன்ஸ்டைன், லிங்கன் என்று எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்திருந்தேன். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு வரி. மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். (பேனா ஏது, விசைப்பலகை.) அப்புறம் ஒருநாள் ‘அநியாயமான சட்டத்தை மீறலாமா’ என்ற மாதிரி ஒரு தலைப்பில் பழகும்போது நம்ம ஊர்த் தோள்சீலைப் போராட்டம் ஞாபகம் வந்தது. திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்ததையும், 1859-இல் அரசு ஆணை வந்ததையும், அந்த ஆணையிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததையும் எழுத எழுத அரை மணி நேரம் போதவில்லை. காடுகளை அப்படியே காக்க வேண்டுமா, வருமானத்துக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு தலைப்பு உண்டு. மலையை உடைத்து லாரி லாரியாகக் கல் போவதைத் தினமும் பார்க்கிற குமரி மாவட்டத்துக்காரனுக்கு அதில் சொல்ல விஷயம் இல்லாமலா போகும்? அதே மலையடிவாரத்து ரப்பரில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். எதிர்த்தரப்பையும் யோசித்திருக்கிறான் என்று காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஊர்ப்பெயர் தெரியாத ஆளுக்கும் புரிகிற மாதிரி ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

2023 அக்டோபரில் மறுபடி எழுதினேன். நாலைந்து சாயங்காலம்தான் கட்டுரைக்குச் செலவழித்தேன். 4 கிடைத்தது. பெரிய சாதனையெல்லாம் இல்லை, எம்.எஸ். பொறியியலுக்கு அது தாராளம்.

விடுவதென்றால் மொத்தமாக விட ஒரு வழி இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு ஜிஆர்இ-யே கேட்காத துறைகள் நிறைய ஆகிவிட்டன. முதலில் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். எதுவுமே கேட்கவில்லையென்றால் தேர்வுக் கட்டணத்தில் இரண்டு விண்ணப்பம் கூடுதலாகப் போடலாம்.