ஜோத்பூர் குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் லேப்ரடாரை எங்கே விடறது?

வணக்கம்ங்க. வீட்டுக்காரருக்கு ஜோத்பூர் போஸ்டிங், குவார்ட்டர்ஸ் கிடைக்க ஆறு வாரம் ஆகும், அதுவரை நாயை வாளையார் பக்கம் ஒரு நாய் விடுதியில விடணும்னு கேட்டிருக்கீங்க.

வாடகை பேசறதுக்கு முன்னாடி நேர்ல போய்க் கூண்டு மூலையையும் சுவர் விரிசலையும் பாருங்க. உண்ணி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். மழைக்காலத்துல உண்ணிக் காய்ச்சல் சாதாரணமா விடாதுங்க. விடறதுக்கு முன்னாடியே உண்ணி மாத்திரை கொடுத்திருங்க. பல மாத்திரை ஒரு மாசம்தான் தாங்கும், அதனால ரெண்டாவதைத் தேதி எழுதி அவங்க கையில கொடுங்க.

ரேபிஸ் ஊசி எல்லாரும் போட்டிருப்பாங்க, கென்னல் காஃப் (நாய்கள் ஒண்ணா இருக்கிற இடத்துல தொத்தற இருமல்) ஊசியைத்தான் மறந்துடுவாங்க. அதை ரெண்டு வாரம் முன்னாடியே போட்டிருங்க. தடுப்பூசிப் புத்தகமே கேட்காத இடம்னா திரும்பி வந்துடுங்க.

தீனி மாறினா வயித்தால போகும். தினம் 350 கிராம்னா 42 நாளைக்கு 15 கிலோ மூட்டை ஒண்ணு சரியா இருக்கும். அவசர சிகிச்சைக்கு எத்தனை ரூபாய் வரை சம்மதம்னு கையெழுத்துப் போட்ட கடிதமும் கொடுங்க. ஜோத்பூர்ல ஃபோன் எடுக்க முடியாத நேரத்துல அதுதான் உதவும்.

முதல்ல ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்க. காலையில தட்டு காலியா இருக்கா?