முந்திரித் தோப்பை விற்க வேண்டாம்

ஐயா,

நீங்களும் உங்கள் துணைவியாரும் மகளை அழைத்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, அவளுடைய நீட் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசியதைவிட, அவளை எம்.பி.பி.எஸ். சேர்ப்பதற்காகப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பை என்ன விலைக்குத் தள்ளிவிடலாம் என்பதைப் பற்றியே அதிகம் பேசினீர்கள். பதற வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். யோசித்துவிட்டேன், தோப்பை விற்கக் கூடாது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாக இடம் வாங்கினால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டியிருக்கும். விடுதியும் சேர்ந்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடி கரைந்துவிடும். பிறகு, வெறும் எம்.பி.பி.எஸ். எதற்கு ஆகும், எம்.டி. வேண்டாமா என்று இன்று அவசரப்படுத்தும் அதே மைத்துனர்தான் வந்து கேட்பார். அன்றைக்கு விற்க உங்களிடம் இன்னொரு தோப்பு இல்லை. வெளிநாட்டு மருத்துவம், நர்சிங், பார்மசி ஆகியவற்றை ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும்; நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

என் மனத்தில் நின்றது அவள் பையிலிருந்து தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டிய நோட்டு. தாத்தாவுக்குக் காசநோய் என்று தெரிந்த நாள் முதல் ஆறு மாதமும் அவர் மாத்திரை போட்ட நாள்களுக்குக் கட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறாள். ஞாயிறுதோறும் எடையைக் குறித்திருக்கிறாள். எடை கூடாத இரண்டு வாரங்களுக்கு எதிரே, ‘பசி இல்லை. தராசு மாறியதா?’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அளக்கும் கருவியையே சந்தேகிக்கத் தெரிந்த பிள்ளை, ஐயா! பன்னிரண்டாம் வகுப்பிலும் உயிரியலைவிடக் கணிதத்தில்தான் அவளுக்கு மதிப்பெண் அதிகம். அவளுக்குரிய துறை மருத்துவப் புள்ளியியல்; நோயையும் மருந்தையும் எண்களைக் கொண்டு ஆராயும் படிப்பு அது.

கணக்குப் படித்தவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று உங்கள் மைத்துனர் கேட்பார். இங்கிலாந்தில் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்பவர் மருத்துவராக ஆசைப்பட்டார். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது காசநோய் கண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்ததால் அந்த ஆசை கைகூடவில்லை. அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றுப் புள்ளியியலுக்கு வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதித்து 1948-இல் வெளியான ஆய்வை வடிவமைத்தவர் அவர்தான். 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவரின் இரக்கத்துக்கோ ஊகத்துக்கோ விடாமல், குலுக்கல் சீட்டைப் போல யாருடைய விருப்பமும் கலக்காத தற்போக்கு எண்களைக் கொண்டு முன்கூட்டியே முடிவு செய்து, எண்ணிட்டு ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் தேறியதா என்று சொன்னவர்களுக்கும் அது யாருடைய படம், எந்தப் பிரிவு என்று தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர்.

ஓர் ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அதன் தாக்கத்தை அளப்பது ஆய்வுலக வழக்கம். எனக்கு அந்த எண்ணிக்கையில் அவ்வளவு மயக்கம் இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்த முறையை எடுத்து என்ன செய்தார்கள் என்றே பார்ப்பேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அதே தற்போக்கு முறையில் 193 ஏழை நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள், உடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்ற முடிவுகள் 1959, 1960 ஆண்டுகளில் வெளிவந்தபின், நாடு நாடாக சானடோரியங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. உங்கள் தந்தையார் எங்கோ ஒரு வார்டில் அடைபடாமல் சொந்தத் திண்ணையிலேயே மாத்திரை சாப்பிட்டுத் தேறியது அந்தக் கணக்கினால்தான்.

வழி இதுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல், அதற்கு ஆகும் செலவு சில ஆயிரங்களே. அதன்பின் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல், அல்லது புதுச்சேரி ஜிப்மரிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ மருத்துவப் புள்ளியியலை உள்ளடக்கிய உயிரிப் புள்ளியியல். நெட் (NET) எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றுவிட்டால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் அவளுக்கு வரும். நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளின் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் ஜிப்மர் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அத்தகைய ஆய்வுகளில் விடுபட்ட எடையையும் பாதியில் நின்ற நோயாளியையும் எப்படிக் கணக்கில் கொள்வது என்று சொல்ல ஆள் தேவை. தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும், வாசலில் டாக்டர் பலகை தொங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பலகைக்காக ஒரு கோடி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்த முறை மைத்துனரையும் அழைத்து வாருங்கள். ஆனால் முதலில் பேச வேண்டியவள் அவள். நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். தராசு உண்மையிலேயே மாறியிருந்ததா என்று அன்று கேட்க மறந்துவிட்டேன்.