கேள்வி-பதில்: பி.காம். படித்தவர் இசையில் எம்.ஏ. சேரலாமா?

கேள்வி: பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்று வருகிறேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் இசையில் எம்.ஏ. சேர எனக்குத் தகுதி உண்டா? அது கச்சேரி செய்ய உதவுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சேர வாய்ப்பு உண்டு. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும், இசைப் பயிற்சிக்கான சான்று இருந்தால், பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எந்தச் சான்றை ஏற்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், இந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 1929இல் இசைக் கல்லூரி தொடங்கப்பெற்ற சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ளன.

கச்சேரிக்கு உதவுமா என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு பருவங்களில் ஒருவரை மேடைப் பாடகராக்கிவிட எந்த வகுப்பறையாலும் இயலாது; அதற்கு உங்கள் குருவிடம் போவதை நிறுத்தாமல் இருப்பதே வழி. எம்.ஏ. தருவது வேறொன்று. பைரவி ராகத்தில் அமைந்த ‘விரிபோணி’ வர்ணத்தை நீங்கள் பலமுறை பாடியிருப்பீர்கள். அதில் ‘த’ என்னும் தைவத ஸ்வரம் ஏறும்போது உயர்ந்த வகையான சதுசுருதியாகவும் இறங்கும்போது தாழ்ந்த வகையான சுத்தமாகவும் வருவது தொண்டைக்குத் தெரியும். ஆனால் தாய் ராகங்களாகிய மேளங்களில் இருபதாவதான நடபைரவியில் சதுசுருதி தைவதமே கிடையாது என்னும்போது, பைரவியை அதன் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம், என்று எப்படிச் சொல்கிறோம் என்று எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற இசை நூலில் அந்த இருபதாவது மேளத்துக்கு நாரீரீதிகௌள என்று பெயர். தேவாரத்தில் கௌசிகப் பண்ணை இன்று பைரவியில் பாடுகிறார்கள். பாடத் தெரிந்த ஒரு ராகத்துக்கு இத்தனை வாசல்கள் இருப்பதை அறிய விருப்பமுள்ளவருக்கே இந்தப் படிப்பு இனிக்கும். மற்றவர்களுக்கு, குறிப்பாகச் சாஸ்திரத் தாளைக் கடைசி இரவில் மனப்பாடம் செய்பவர்களுக்கு, இரண்டு ஆண்டுகள் வெகு நீளமாகத் தெரியும்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.ஏ. பட்டம் மட்டும் போதாது. தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட்டிலும் தேற வேண்டும், அல்லது முனைவர் பட்டம் வேண்டும். நெட் தேர்வின் இசைத் தாள் கர்நாடக இசையோடு நிற்பதில்லை. இந்துஸ்தானியும் ரவீந்திர சங்கீதமும் கேட்பார்கள். ஆகவே இந்துஸ்தானி ராகங்களைப் பிரிக்க பாத்கண்டே என்ற இசை அறிஞர் வகுத்த பத்துத் தாட்டுகளையும், அவற்றுக்கு நிகரான நம் மேளங்களையும் முதல் பருவத்திலேயே எழுதிப் பழகத் தொடங்குங்கள்.