பாதுகாப்பு, சுற்றுச்சூழல் விதிகளைக் கடைப்பிடிப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம்? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் புதிதாக ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறார். சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு என்று எதற்குப் பணம் கேட்டாலும் முதலாளி தண்டச் செலவு என்கிறாராம். இதனால் தொழிலுக்கு லாபம் உண்டு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறார்.

நான் 2009-லிருந்து திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் வேலை பார்க்கிறேன். லாபம் நிச்சயமாக உண்டு. ஆனால் நாம் அதைத் தப்பான இடத்தில் காட்டுகிறோம். "இன்ஸ்பெக்டர் வந்தால் அபராதம் போடுவார்" என்று சொல்லித்தான் பணம் கேட்கிறோம். இன்ஸ்பெக்டர் எப்போதாவதுதான் வருவார், அபராதமும் சின்னது என்பது முதலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கோடு நின்றால் அவர் பக்கம்தான் நியாயம். கணக்கில் விட்டுப்போனவற்றை எடுத்துக் காட்டுவதுதான் நம் வேலை.

நான் கண்ணால் பார்த்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் துணியைப் பிடிக்கிற கையில் ஸ்டீல் கிளவுஸ் போட்டிருக்க வேண்டும். எங்களிடம் கிளவுஸ் இருந்தது, ஆனால் ஸ்டோரில் இருந்தது. ஆடிட் அன்றைக்கு மட்டும் வெளியே வரும். எல்லாம் ஒரே பெரிய சைஸ். ஒல்லியான கையில் போட்டால் நழுவும், துணி பிடிபடாது. அதனால் யாரும் போடவில்லை, நாங்களும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் சாயங்காலம், ஷிப்மென்ட் அவசரத்தில், எங்கள் கட்டிங் மாஸ்டர் அண்ணனின் இரண்டு விரல்களில் பிளேடு இறங்கிவிட்டது. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. ஒரு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

வைத்தியச் செலவை இ.எஸ்.ஐ பார்த்துக்கொண்டது. கம்பெனியின் புத்தகத்தில் அந்த விபத்துக்கென்று ஏறக்குறைய எந்தச் செலவும் ஏறவில்லை. நடந்தது என்ன தெரியுமா? ரத்தம் பட்ட லே, அதாவது வெட்ட அடுக்கி வைத்த துணி முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த டேபிளுக்குப் போக மற்றவர்கள் இரண்டு நாள் தயங்கினார்கள். மாஸ்டருக்குப் பதிலாக வந்தவருக்கு அந்த ஸ்டைல் பழக்கமில்லை, அளவு தப்பிப் பீஸ்கள் திரும்பி வந்தன. தையல் லைன் பண்டலுக்காகக் காத்துக் கிடந்தது. கடைசியில் சரக்கு தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டது. விமானத்தில் அனுப்பச் சொல்லிவிட்டார் சரக்கை வாங்கும் பையர், கூலி எங்கள் தலையில். அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபம் முழுக்க அதிலேயே கரைந்தது. அப்புறம்தான் மூன்று சைஸில் கிளவுஸ் வாங்கினோம். விமானக் கூலி பில்லுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

சுகாதாரம் இன்னும் சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும். பல கம்பெனிகளில் டாய்லெட் டோக்கன் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன். அது கைக்கு வந்தால்தான் எழுந்து போக முடியும். இதற்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு. லீவுச் சீட்டில் "உடம்பு சரியில்லை" என்றுதான் இருக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. எங்கள் நர்ஸ் அக்கா ஒருத்தர்தான் இதைக் கவனித்துச் சொன்னார். டோக்கனை எடுத்துவிட்டோம், ஒவ்வொரு லைன் ஓரத்திலும் குடிதண்ணீர் வைத்தோம். உற்பத்தி குறையும் என்று பயந்த சூப்பர்வைசர்களே, இரண்டு மாதத்தில் "இப்போதெல்லாம் லைன் நிறைய ஆள் இருக்குதுங்க" என்றார்கள். டெய்லர் கிடைக்காமல் அல்லாடும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் கணக்கு இப்படி நேராக ஓடாது. இதில் செலவழிக்காதவர் மிச்சம் பிடிப்பார், நஷ்டம் ஆற்றோடு போய் வேறு யார் வீட்டிலோ இறங்கும். என் அம்மா பிறந்த ஊர் நொய்யல் ஆற்றோரம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணை அது. சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்புப் போகாது. அது நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. என் மாமா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடு வாய் வைக்காமல் திரும்பியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நான் சம்பளம் வாங்கும் தொழில்தான் அதற்குக் காரணம் என்பதை நான் மறந்ததில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்றது. அந்த நிலை வரும்வரைக்கும் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 2007 ஜனவரியிலிருந்து 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10. தினம் ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 6 பைசா வீதம் நாளுக்கு 6,000 ரூபாய். உப்பைப் பிரித்தெடுக்கும் அளவுக்குச் சுத்திகரிக்க அதைவிடக் கூடுதலாக ஆகும். அபராதத்தைக் கட்டிவிட்டு ஓட்டுவதே லாபம் என்று பலர் நினைத்தார்கள். சுத்திகரிப்பில் முதலீடு செய்தவரின் சாயக் கூலி கிலோவுக்கு ஏறியது, செய்யாதவரின் கூலி ஏறவில்லை. ஆர்டர் செய்யாதவருக்குப் போனது. விதியை எல்லோர் மேலும் ஒரே மாதிரி அமல்படுத்தாத வரைக்கும் நேர்மையாக நடப்பவர் நஷ்டப்படுவார். இதை மறைத்துப் பேசினால் எந்த முதலாளியும் நம்மை நம்ப மாட்டார்.

2009-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அப்போதும் நிலைமை மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு போயிற்று. ஊரே நின்றது. துணியை வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். ஷேட் பொருந்தாது, நாள் பிந்தும். எத்தனையோ குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போயின. பூஜ்யக் கழிவுநீர் ஏற்பாட்டை ஓட்டிக் காட்ட முடிந்த சுத்திகரிப்பு நிலையங்களுக்குத்தான் முதலில் அனுமதி கிடைத்தது. அவற்றில் சேர்ந்திருந்த பட்டறைகள் முன் வாசலில் துணி லாரிகள் வரிசை கட்டின. கூலியைப் பேரம் பேச யாருக்கும் நேரமில்லை. முன்பு ஏமாளி என்று பெயர் வாங்கியவர்களிடம் போய் நின்றவர்களில் எங்கள் கம்பெனியும் ஒன்று.

இன்றைக்கு அந்த நிலையங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்பிக் கொடுக்கின்றன. சாயத்துக்குப் போடும் உப்பில் பெரும்பகுதியும் திரும்புகிறது. ஆர்ஓ தண்ணீர் மென்மையானது, லாட்டுக்கு லாட் ஷேட் மாறுவது குறையும். வெளிநாட்டு பையர் வரும்போது இப்போது முதலாளிகளே சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆனால் எந்த முதலீடும் அந்தக் கிணறுகளை உடனே பழையபடி ஆக்கிவிடாது.

காகிதத்தில் மட்டும் விதியைக் காப்பாற்றினால் எந்த லாபமும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அந்தத் தொழிற்சாலைக்கு, தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருக்கின்றன என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பின்பக்கக் கதவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். எங்களிடமும் அப்போது செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தது.

சரி, உங்கள் முதலாளியிடம் என்ன கொண்டுபோவது? சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கணக்குப் பிரிவில் போன வருட விமானக் கூலி பில்கள், பையர் பணம் பிடித்தம் செய்ததற்கான சீட்டுகள், ரீவொர்க் (தப்பான பீஸைத் திரும்பச் சரிசெய்த) கணக்கு மூன்றையும் வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டையும் லீவுப் பதிவேட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய பத்து நாட்களில் லைனில் என்ன நடந்தது என்று சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் விபத்து காரணமாக இருக்காது, துணி தாமதமும் இருக்கும். மிகைப்படுத்தாமல், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் ரூபாயாக எழுதுங்கள். நான் அப்படிக் கொண்டுபோன தாளில் நான்கே வரிகள்தான் இருந்தன. முதலாளி இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க தம்பி, கட்டிங் பிளேடுக்குத் தடுப்பு போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.