மூன்று மாதமாக வாய் திறக்காத பையன்

கேள்வி: வளரிளம் பிள்ளைகளுக்கான உறைவிட இல்லம் ஒன்றில் ஐந்து மாதங்களாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இதற்கு முன்பு கிளினிக்கில் மட்டுமே வேலை பார்த்திருக்கிறேன். 15 வயதுப் பையன் ஒருவனை வாரம் ஒரு மணி நேரம் என்னிடம் அனுப்புகிறார்கள். மூன்று மாதமாகப் பேசவே இல்லை. "உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதனால் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்றான் ஒருநாள். அவன் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். வெளியே கதவுகளை உதைக்கிறான், மற்றவர்களின் பொருள்களை எடுத்து ஒளித்து வைக்கிறான். "உங்களிடம் ஏதாவது சொன்னானா?" என்று பராமரிப்பாளர்கள் வாரந்தோறும் கேட்கிறார்கள். நாளைக்கே அவன் ஏதாவது சொன்னால், அதை அவர்களிடம் சொல்லலாமா என்பதும் தெரியவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் சம்பள விஷயத்தை முடித்துவிடுவோம். பையன் சொன்னது உண்மை. "அப்படி இல்லை, எனக்கு உன்மேல் அக்கறை இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் உங்களை ஒரே நொடியில் தள்ளிவைத்திருப்பான். இப்படிக் கேட்ட ஒரு பெண்ணிடம் நான், "ஆமாம், சம்பளம் வாங்குகிறேன். நீ பேசினாலும் அதே தொகைதான், பேசாவிட்டாலும் அதே தொகைதான்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க. இந்தப் பிள்ளைகளிடம் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமை கூர்மையாக இருக்கும். அவர்களுக்கு அது தற்காப்பு.

அவனுடைய கோப்பை எடுத்து ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு முன்பு எத்தனை பெரியவர்கள் "என்னிடம் மனம் விட்டுப் பேசலாம்" என்று அவனிடம் சொல்லிவிட்டு மாறிப் போயிருக்கிறார்கள்? நான்கு, ஐந்து என்று வந்தால் வியப்பதற்கில்லை. அத்தனை பேரிடமும் கதையைச் சொல்லிச் சலித்தவன் ஆறாவது ஆளிடம் முதல் நாளே கொட்டிவிட மாட்டான். அதே சமயம் நீங்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. கதவை உதைக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் அறையிலிருந்து எழுந்து போகத் தெரியாதா? மூன்று மாதமாக வந்து உட்காருகிறான். அதை நான் மறுப்பு என்று எழுத மாட்டேன்.

அடுத்தது அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் மேசை என்றிருந்தால் இன்றே மாற்றுங்கள். அப்படி உட்காரவைத்து இதுவரை அவனிடம் பேசியவர்கள் எல்லாம் விசாரித்தவர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், முடிந்தால் நடங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு பையனுக்கு நான் பழுதான அலாரம் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தேன். எட்டு வாரம் அதைப் பிரித்தான், திருகாணிகளை அளவு வாரியாக வரிசையில் வைத்தான், மறுபடி பூட்டினான். ஒன்பதாவது வாரம், தலையை நிமிர்த்தாமல், "போன ஞாயிறும் அம்மா வரவில்லை" என்றான். அந்த இடத்தில் நான் ஸ்குரூடிரைவரை அவன் பக்கம் நகர்த்திவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுத் தொலைத்தேன். அடுத்த இரண்டு வாரம் கடிகாரம் மட்டும்தான். கிளினிக்கில் நல்ல கேள்வி என்று கற்றுக்கொடுக்கப்படுவது இல்லத்தில் பல சமயம் அவசரக் கேள்வியாகிவிடும்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்று. மீதி 167 மணி நேரம் அவன் வேறு யாருடனோ இருக்கிறான். கிளினிக்கிலிருந்து வருபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. தங்கள் அறைக்குள் நடப்பதுதான் சிகிச்சை, வெளியே நடப்பது வெறும் பராமரிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஸ் ரெடல் என்ற உளவியலாளர் டேவிட் வைன்மனுடன் சேர்ந்து 1946இல் டெட்ராய்ட் நகரில் மூர்க்கமான சிறுவர்களுக்காக ஒரு சிறிய இல்லம் நடத்தினார். பண நெருக்கடியால் அது இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. ஆனால் அங்கே அவர்கள் கண்டுகொண்டது இன்றும் உறைவிடப் பணியின் அடித்தளமாக இருக்கிறது: பையன் கொந்தளித்த இடத்திலேயே, சூடு ஆறியதும், அவனுடன் பேச வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் அப்போது அங்கே இருக்கும் பராமரிப்பாளர். வியாழக்கிழமை நான்கு மணிக்கு உங்கள் அறைக்கு வரும்போது திங்கட்கிழமைச் சண்டை அவனுக்குப் பழைய செய்தி.

ஆகவே அவன் எப்போது கதவை உதைக்கிறான் என்று பாருங்கள். பணிப் பதிவேட்டை இரண்டு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டினால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். விளக்கணைக்கும் நேரமா, வீட்டிலிருந்து தொலைபேசி வந்த பிறகா, பார்வையாளர் நாளின் மாலையா, ஒரு பணிமுறை முடிந்து அடுத்த ஆள் வரும் இடைவெளியா? இரவில் தூங்கப் பயப்படும் பிள்ளைகள் பத்து மணிக்கு வம்பு இழுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சண்டை போட்டால் யாராவது கூட உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? இரவுப் பணியாளரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். கோப்பில் இல்லாத பாதி அவரிடம் இருக்கும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எடுத்து ஒளித்து வைப்பதைப் பற்றி: அவன் எடுப்பவை விலையுள்ள பொருள்களா, அல்லது யாராவது ஒருவருக்குப் பிரியமான பொருள்களா? இரண்டும் வேறு வேறு. இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தைப் பிரிந்து விடுதிகளில் தங்கிய பிள்ளைகளோடு பணியாற்றியவர் டொனால்ட் வின்னிகாட். திருடும் குழந்தை தேடுவது அந்தப் பொருளை அல்ல, தனக்கு உரிமையாக இருந்து பறிபோன ஓர் ஆளை என்று 1956இல் அவர் வாதிட்டார். அந்தத் தொல்லையிலேயே நம்பிக்கையின் அடையாளத்தைக் கண்டார். எல்லாத் திருட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒளித்து வைக்கிறவன் விஷயத்தில் யோசித்துப் பார்க்கத் தகுந்தது. இருந்தாலும் பொருளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். காரணம் புரிந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட முடியாது.

இனி, நீங்கள் கேட்டதிலேயே கடினமான பகுதி. ஒரு பெண் என்னிடம் தன் மாற்றாந்தந்தையைப் பற்றி ஒரு சிறு விஷயம் சொன்னாள். ஆபத்தானது எதுவும் இல்லை. கூச்சமான விஷயம், அவ்வளவே. வாராந்தரக் கூட்டத்தில், அவளைப் புரிந்துகொள்ள உதவும் என்று எண்ணி அதைச் சொன்னேன். அன்று இரவு உணவு மேசையில் ஒரு பணியாளர் அவளைத் தட்டிக்கொடுத்து, நல்ல எண்ணத்தோடுதான், அதையே குறிப்பிட்டார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். என் அறைக்கு அதன் பிறகு வரவே இல்லை. பணியாளர்மேல் குறை இல்லை. எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எல்லைக்கோடு போடாதது நான்.

அந்த எல்லைக்கோட்டை உங்கள் பையன் வாய் திறப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், பிறருக்கு ஆபத்து, யாராவது அவனைத் துன்புறுத்துவது அல்லது துன்புறுத்தியது: இந்த மூன்றையும் உங்களால் மறைக்க முடியாது என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், சொல்கிறேன்" என்று ஒருநாள் கேட்பான். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். சொல்ல வேண்டி வந்தால் யாரிடம், என்ன வார்த்தைகளில் என்பதை அவனோடு உட்கார்ந்து முடிவுசெய்வதாக வாக்குக் கொடுங்கள். அது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பராமரிப்பாளர்களுக்கு வேண்டியது அவன் சொன்ன கதை அல்ல. இன்று இரவு அவனை எப்படிக் கையாள்வது என்பதுதான். "ஞாயிறு மாலை அவனுக்குக் கடினமாக இருக்கிறது. ஆறு மணிக்கு யாராவது அவனோடு பந்து விளையாடினால் நல்லது. அறைக்குள் போ என்று கதவருகே நின்று சொல்ல வேண்டாம், வழி மறித்ததுபோல் அவனுக்குத் தோன்றுகிறது." இவ்வளவு போதும். அவன் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. அவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆலோசகர் எதையும் சொல்வதில்லை, நாங்கள்தான் உதை வாங்குகிறோம் என்ற அவர்களுடைய கசப்பு நியாயமானது. அதை வளரவிட்டால் அதன் விலையைப் பையன் கொடுப்பான்.

கண்ணாடியை உடைத்தது யார் என்று விசாரித்துத் தரும் வேலையை ஏற்காதீர்கள். "ஒழுங்காக இருந்தால்தான் கவுன்சலிங்" என்று உங்கள் நேரத்தைப் பரிசாகவோ தண்டனையாகவோ பயன்படுத்துவதையும் ஏற்காதீர்கள். மோசமான வாரத்தில்தான் அந்த நேரம் அவனுக்கு அதிகம் தேவை. மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் அவனை அழைக்கிறார்களா என்றும் பாருங்கள். பந்தாட்டத்திலிருந்து இழுத்து வந்தவனிடம் என்ன பேச்சு வரும்?

தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஆம் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரும் இல்லப் பொறுப்பாளரும் அறிய வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் குழுவாகச் செய்யலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். நிதானமாக இருங்கள். தாமஸ் டிஷியனும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல நோக்கத்தோடு கூட்டப்பட்ட சில குழுக்களில் பிள்ளைகள் ஒருவருடைய முரட்டுத்தனத்துக்கு மற்றவர் சிரித்து ஊக்கம் கொடுத்து மோசமானதைக் காட்டியது. எல்லாக் குழுக்களும் அப்படி ஆவதில்லை என்று பிறகு மறுப்புகளும் வந்தன. எனக்கு ஒரு நிபந்தனை உண்டு: சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து அவரவர் செய்த குற்றத்தைச் சொல்லும் குழு வேண்டவே வேண்டாம்.

அவனுடைய நிலை பற்றிய மறுஆய்வு வரும். பராமரிப்பில் வைக்கப்பட்ட குழந்தையின் நிலையை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு. அதற்கு நீங்கள் எழுதும் அறிக்கையை முதலில் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். பிடிக்காத வரியைச் சொல்லட்டும். பலர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது "இது தப்பு, நான் அப்படிச் செய்யவில்லை" என்றுதான்.

அவன்மேல் உங்களுக்கே எரிச்சல் வரும், வந்திருக்கும். கடிதத்தில் அதை எழுதவில்லை. உங்கள் பணியை மேற்பார்வை செய்யும் மூத்தவர் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

விடுப்பு எடுக்கப் போகிறீர்களானால் மூன்று வாரம் முன்பே சொல்லி, காலண்டரில் அவன் கண்முன் தேதியைக் குறியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பெரும்பாலும் எதையாவது உடைப்பான். திரும்பி வருவதாகச் சொன்ன அதே நாளில், அதே நான்கு மணிக்கு, அறையில் இருங்கள். அவன் பத்து நிமிடம் தாமதமாக வருவான், நீங்கள் இருக்கிறீர்களா என்று முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு.