‘டெக்கோர்’ என்றால் வெறும் அலங்காரம்தானா?

கேள்வி: ரெனவேஷன் விளம்பரங்களில் வரும் ‘டெக்கோர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? டெக்கரேஷனும் அதுவும் ஒன்றா?

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது, முன்பணம் கட்டிய பிறகு. சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பித்தபோது கொட்டேஷனில் ‘ஹால் டெக்கோர்’ என்று ஒரு வரி இருந்தது. தொங்கு விளக்கு, பூச்சாடி, சுவர்ப்படம் எல்லாம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு அட்டை: சுவர் நிறத்துண்டு ஒன்று, திரைச்சீலைத் துணி ஒன்று, சோபா துணி ஒன்று. “சாமான் நீங்கதான் வாங்கிக்கணும் அக்கா” என்றார் ரெனவேஷன் கம்பெனிப் பையன். கோபம் வந்தது. ஆனால் சொல்லுக்குப் பொருள் பார்த்தால் அவன் பக்கம்தான் நியாயம்.

டெக்கோர் பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அறையின் அலங்காரத்தையும் குறிக்கும், நாடக மேடையின் காட்சி அமைப்பையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓர் அறையின் மொத்தத் தோற்றம்: நிறம், மரச்சாமான், துணி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து தரும் பாங்கு. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையின் மேலே கட்டும் விளக்கு வளைவுகளும், தேக்காவில் வாங்கி வாசலில் கட்டும் தோரணமும் டெக்கரேஷன். நம் ஊர்க் கல்யாணங்களில் மணமேடை போடுகிறவர்கள் ‘டெக்கோர்’ என்பது, தெரிந்தோ தெரியாமலோ, பிரெஞ்சு மேடைப் பொருளுக்கு நெருங்கி நிற்கிறது!

தியோங் பாருவின் 1930களின் வளைந்த பால்கனி வீடுகளைக் காட்டி ‘ஆர்ட் டெக்கோ’ பாணி என்பார்களே, அந்த ‘டெக்கோ’வும் இதே குடும்பம்தான். 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரிலிருந்து சுருங்கி வந்தது.

எனக்குப் பிடித்தது வேர்ச்சொல். லத்தீனில் இதன் மூலம் ‘பொருந்துவது, தகுவது’ என்ற வினையோடு உறவுடையது. நம்முடைய ‘அலங்காரம்’ வடமொழி ‘அலம்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு ‘போதும், ஏற்றது’ என்று பொருள். கூடுதலாக ஒட்டி வைப்பதுதான் அலங்காரம் என்ற நினைப்பு இரண்டு சொல்லிலும் இல்லை.

தமிழில் எழுத வேண்டுமென்றால் டெக்கரேஷனுக்கு அலங்காரம் போதும். டெக்கோருக்கு ‘அறையின் அலங்காரப் பாங்கு’ என்பேன். கொட்டேஷனில் அந்தச் சொல் வந்தால், சாமானும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஹால் சுவரில் இன்னும் ஆணி மட்டும்தான் இருக்கிறது.