கறி இருக்கட்டும், அடுப்பைப் பற்றவையுங்கள்

கேள்வி: வயது 36. செங்காங்கில் நான்கறை வீட்டில் மனைவி, அம்மாவுடன் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை நோய் என்றார்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.1. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர், அந்தப் பயமும் உண்டு. போன வருடம் 'மூதாதையர் உணவு' முறைக்கு மாறினேன். பச்சை மாட்டிறைச்சி, ஈரல், முட்டை, வெண்ணெய், இவ்வளவுதான். சோறு, ரொட்டி, சீனி கிடையாது. 11 கிலோ குறைந்து எச்பிஏ1சி 6.3க்கு வந்துவிட்டது. மாத்திரையை நானே பாதியாக்கிவிட்டேன். எனக்குப் பிரச்சினை சாப்பாட்டில் இல்லை, சுற்றி இருப்பவர்களிடம்தான். அம்மா ஃப்ரிட்ஜைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். அலுவலகத்தில் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகிறார். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர்களை எப்படிச் சமாளிப்பது? பின்குறிப்பு: மனைவி நான்கு மாதக் கர்ப்பம். இரும்புச் சத்து குறைவு என்றதால் பச்சை ஈரலைப் பொடியாக நறுக்கி இரண்டு மூன்று முறை கொடுத்தேன். குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள்.
- பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது பின்குறிப்பில் கிடக்கிறது. நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மனைவியின் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போய், பச்சை ஈரல் சாப்பிட்டதை, எப்போது, எத்தனை முறை என்று உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மழுப்ப வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பச்சை இறைச்சியில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். தாய்க்கு அது லேசான காய்ச்சலோடு போய்விடும், பல சமயம் வந்ததே தெரியாது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால்தான் சிக்கல். குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் இருக்கிறது. லிஸ்டீரியா என்று இன்னொன்று. மற்றக் கிருமிகள் அடங்கிக் கிடக்கும் ஃப்ரிட்ஜ் குளிரிலும் அது மெல்லப் பெருகும். கருச்சிதைவுவரை கொண்டுபோய் விடும். மனைவிக்கு இனிமேல் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஈரலில், வேகவைத்தாலும் போகாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. 100 கிராம் மாட்டு ஈரலில் சுமார் 5,000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு மேல்வரம்பே 3,000தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அது அளவு மீறினால் கருவுக்குக் கேடு என்பதால், பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலையே தொட வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் தினமும் சாப்பிடுகிறவர் என்றால் அந்த 3,000 உங்களுக்கும் சேர்த்துத்தான். வாரத்தில் ஒரு நாள், கொஞ்சமாக, போதும். நம் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று சுவரொட்டி கொடுப்பார்கள், நினைவிருக்கிறதா? அது ஈரல் இல்லை, மண்ணீரல். அதையும் தணலில் சுட்டோ மிளகு போட்டு வறுத்தோதான் கொடுத்தார்கள். பச்சையாகக் கொடுத்த பாட்டியை நான் கேள்விப்பட்டதில்லை. மனைவிக்கு நன்றாக வெந்த கறியும் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையும் போதும்.

இனி உங்கள் கணக்கு. 8.1லிருந்து 6.3 என்பது சாதாரணமில்லை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2010 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. நம்மவர்கள் கூடும் இடத்தில் சர்க்கரைப் பேச்சு இல்லாத மேசையே கிடையாது. அதில் ஒருவர் வாயைக் கட்டி இவ்வளவு இறக்கியிருக்கிறார் என்றால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எது இறக்கியது? சோறு போனது, ரொட்டி போனது, கோப்பிக்கடைத் தேநீரின் கொழுகொழு இனிப்புப் பால் போனது, கூடவே 11 கிலோவும் போனது. அந்த எண் இறங்க இதுவே போதும். கறி பச்சையாக இருந்ததற்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அதே கறியை வாணலியில் புரட்டிச் சாப்பிட்டிருந்தாலும் இதே 6.3தான். உங்களுக்கு இரண்டு சரக்கை ஒரே கட்டாகக் கட்டி விற்றிருக்கிறார்கள். ஒன்று மாவுச்சத்தைக் குறைப்பது, மற்றது அடுப்பை அணைப்பது. முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நீங்களே பாதியாக்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. பெட்டியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால், மாவுச்சத்தை அறவே நிறுத்தியவருக்கு ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் கூடும். சர்க்கரை அளவு சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது வரும் என்பதுதான் மோசம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது போன்றவை வந்தால் அவசரப் பிரிவு, வேறு யோசனை கூடாது. கிளிபிசைடு, கிளிக்லசைடு வகை என்றால் சர்க்கரை சடாரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். இதெல்லாம் பலதுறை மருந்தக மருத்துவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய வேலை. போகும்போது கொழுப்புப் பரிசோதனையும் எடுங்கள். வெண்ணெயும் மாட்டுக் கொழுப்புமாக ஒரு வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், அப்பா 52இல் போயிருக்கிறார். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் எண்ணைப் பார்க்காமல் 'உடம்பு நன்றாக இருக்கிறது' என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

மூதாதையர் என்றீர்களே, யாருடைய மூதாதையர்? தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முந்தைய நெருப்பின் தடயம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், பொருநராற்றுப்படைக்குப் போவோம். கரிகாலன் அரண்மனையில் விருந்துண்ட பொருநர், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி வாயில் சூடு தாங்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு தின்றதைச் சொல்கிறார். இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத ஏர்க்கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டதாம். உங்களைவிடப் பெரிய கறிப் பிரியர்! கடைசியில் மூச்சுவிட இடமில்லாமல், சாப்பாடே வெறுத்து, ஊருக்குப் போகிறேன் என்று கிளம்புகிறார். நம் மூதாதையர் உணவு வேண்டுமென்றால் இதைப் பின்பற்றுங்கள். வாய் சுடச் சுட.

எஸ்கிமோக்கள் என்று இளக்காரமாக அழைக்கப்பட்ட இனுயிட் மக்களை உங்கள் ஆட்கள் அடிக்கடி இழுப்பார்கள். அவர்கள் பச்சையாகவும் உண்பவர்கள்தான். ஆனால் அது பனிநாடு, வேட்டையாடியவர் கையிலிருந்து நேராக வாய்க்குப் போவது. அப்படியும் வால்ரஸ் கறியால் டிரிக்கினெல்லா புழு தொற்றி அவதிப்பட்ட கதைகள் அங்கே உண்டு. அவர்களோடு வாழ்ந்த ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் மேற்பார்வையில் ஒரு வருடம் இறைச்சி மட்டுமே தின்று காட்டினார். இறைச்சிக் கட்சியின் தலைச்சான் ஆதாரம் அதுதான். அந்தக் கறி பெரும்பாலும் இலேசாகச் சமைத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பச்சை ஈரலைக் கடித்துக் காட்டிப் புகழ்பெற்ற 'லிவர் கிங்' என்பவர் 2022 டிசம்பரில் தன் உடற்கட்டுக்கு ஸ்டீராய்டும் காரணம் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2015இல் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று இங்கே திடீரென்று பெருகியது. வழக்கமாகப் பச்சிளங்குழந்தைகளையும் நோயாளிகளையும் பிடிக்கிற கிருமி, அந்த வருடம் நல்ல திடமான பெரியவர்களுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. தேடிப் பார்த்தால், கஞ்சியோடு தொட்டுக்கொள்ளும் பச்சை மீன். சோங், தோமான் என்ற நன்னீர் மீன்களை மெல்லியதாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து, நல்லெண்ணெய் விட்டுக் கொடுப்பது. பல வருடமாகச் சாப்பிட்டவர்கள், ஒன்றும் ஆனதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அந்த டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்கவே தடை வந்தது. அப்போது அதிகாரிகள் சொன்னது ஒன்றுதான்: ஈரச்சந்தை மீன் சமைப்பதற்கென்று விற்கப்படுவது, பச்சையாகச் சாப்பிடுவதற்கு அல்ல.

கறிக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் வெட்டி, கப்பலிலோ விமானத்திலோ வந்து, தேக்காவில் மரக்கட்டை மேல் கிடந்து, உங்கள் பையில் ஏறி, லிட்டில் இந்தியாவிலிருந்து செங்காங் வரை எம்ஆர்டியில் வருகிற கறி அது. அதைத் தொட்ட ஒவ்வொருவரும் 'எப்படியும் அடுப்பில் ஏறப் போகிறது' என்ற நம்பிக்கையில்தான் தொட்டிருக்கிறார்கள். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். கொத்துக்கறியாக அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே எல்லாம் கலந்துவிடும். ஈகோலை என்ற கிருமியின் வகை ஒன்று சிறுநீரகத்தையே பழுதாக்கும். உறையவைத்தால் செத்துவிடும் என்று நினைக்கிறீர்களா? பல ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியா தூங்கும், கறி இளகியதும் எழுந்துகொள்ளும்.

'சமைத்தால் சத்து போய்விடும்' என்பீர்கள். வைட்டமின் பி கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், உண்மை. குழம்பாக வைத்தால் அந்தத் தண்ணீரும் தட்டுக்குத்தானே வருகிறது? முட்டையில் கணக்கு தலைகீழ். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் 90 விழுக்காட்டுக்குமேல் உடம்பில் சேர்ந்தது, பச்சை முட்டையில் பாதிதான். பச்சைக் கறியின் நொதிகள் என்று சொல்வதெல்லாம் வயிற்று அமிலத்தில் மற்றப் புரதத்தோடு சேர்ந்து செரித்துப்போகும்.

ஆகவே என் பேரம் இது. கறியை நான் விட்டுத்தருகிறேன், நீங்கள் அடுப்பைப் பற்றவையுங்கள். கோழி, பன்றி, ஈரல், கொத்துக்கறி எல்லாம் உள்ளே வரை வேக வேண்டும். நடுவில் 75 டிகிரி, அதற்குச் சின்ன வெப்பமானி கடையில் கிடைக்கிறது. ரத்தச் சிவப்பு இல்லாமல் இறங்காது என்றால் முழு மாட்டுத் துண்டை எல்லாப் பக்கமும் நன்றாகச் சுட்டு, உள்ளே சிவப்பாக வைத்துக்கொள்ளுங்கள். (அது ரத்தம் இல்லை, மயோகுளோபின். உங்கள் அம்மாவிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.) நீரிழிவுக்காரருக்குத் தொற்று தாங்கும் சக்தி குறைவு என்பதால் இதைக்கூட அரைமனதோடுதான் சொல்கிறேன். உங்களுக்கு மட்டும், மனைவிக்கு இல்லை. தட்டில் கொஞ்சம் கீரையும் வெண்டைக்காயும் போடுங்கள். அவை சர்க்கரையை ஏற்றாது, காலையில் கழிவறையிலும் நன்றி சொல்வீர்கள்.

அம்மா விஷயத்தில் நான் அவர் பக்கம். சாமிக்கு வைக்கிற பாலும் உங்கள் மாட்டிறைச்சியும் ஒரே அலமாரியில் இருந்தால் அவர் கை எப்படிப் போகும்? அதைப் பழமை என்று வாதாடாதீர்கள். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். தனிப் பலகை, தனிக் கத்தி, தனிப் பஞ்சு. கழுவும் தொட்டியை நீங்களே சோப்புப் போட்டுத் தேயுங்கள், அதை மனைவி கையில் விடவே கூடாது. பிறகு வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு நாள் காலி செய்து, தட்டுகளைக் கழற்றிக் கழுவி, அம்மா கண்முன்னால் துடைத்து வையுங்கள். சமாதானம் பேசுவதைவிட அது வேலை செய்யும். புரட்டாசிக்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.

அலுவலகத்தில் உங்களுக்கு இனிப் பிரச்சினையே இருக்காது. வறுத்த கறி டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போக மாட்டார், கிட்டே வருவார்.

தீபாவளிக் காலையில் மாமியார் வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தானே? கறியை அள்ளி வையுங்கள், இட்லியை ஒதுக்குங்கள். முறுக்கு, அதிரசத் தட்டு சுற்றி வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுங்கள். மாமியார் விடாமல் கேட்டால் மூதாதையர், நொதி, இனுயிட் ஒன்றும் வேண்டாம். "சர்க்கரை, அத்தை" என்று மட்டும் சொல்லுங்கள். நம் சொந்தத்தில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் இரண்டு துண்டு கறி போடுவார்கள்.